ஏர் எடுத்து எடுத்து அலுத்தவர்களுக்கு: கியர் பாக்ஸ் மாற்றிய ஜீப்பில் ஹைட்ராலிக் கிளட்ச்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து வேலைக்கு ஓடும் டூ வீல் டிரைவ் மஹிந்திரா ஜீப். டீசல் எஞ்சின் அதே பழையதுதான். பின்னால் இருந்த கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, டொயோட்டா குவாலிஸிலிருந்து எடுத்த ஐந்து கியர் பாக்ஸை அடாப்டர் பிளேட் வைத்து மாட்டியிருக்கிறீர்கள். முன்பு ராடும் லிவருமாக இருந்த கிளட்ச் இப்போது ஹைட்ராலிக். எஞ்சின் நிற்கும்போது எல்லா கியரும் லேசாக விழுகிறது. ஸ்டார்ட் பண்ணினால் முதல் கியர் விழாது, ரிவர்ஸ் கரகரவென்று கடிக்கிறது. பெடலை மூன்று நான்கு தடவை வேகமாகப் பம்ப் பண்ணினால் விழுகிறது. ஏர் (ஆயில் குழாயில் சிக்கிய காற்று) பல தடவை எடுத்தாயிற்று, அப்பரும் (பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர்) லோயரும் (கியர் பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்கில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர்) புதிது. லோயர் ராடு 10 மி.மீ. நகர்கிறது என்று அளந்தும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். கிளட்ச் ரிலீஸ் ஆகவில்லை என்றால் நம்மூரில் முதல் வேலை ஏர் எடுப்பது, இரண்டாவது வேலை அப்பர் மாற்றுவது, மூன்றாவது லோயர் மாற்றுவது, நான்காவது திரும்பவும் ஏர் எடுப்பது. ஸ்கேலை எடுத்து அளந்து பார்ப்பவர் நூற்றில் ஒருவர் கூட இல்லை. கம்பெனியிலிருந்து வந்த வண்டியில் அளக்காவிட்டாலும் பரவாயில்லை, அங்கே எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டுச் செய்தவை. உங்கள் ஜீப்பில் அப்படி இல்லை. பெடல் லேத்தில் செய்தது, அப்பர் கடையில் கிடைத்தது, லோயரும் ஃபோர்க்கும் ரிலீஸ் பேரிங்கும் குவாலிஸ், பிரஷர் பிளேட்டும் ஃபிளைவீலும் ஜீப். நாலு வீட்டுச் சாமான். இது ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

(பட்டறைப் பேச்சு தெரியாதவர்களுக்கு: லோயர் ராடு ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற தகடுகளை அமுக்கும், அப்போது கிளட்ச் பிளேட் எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலை விட்டு விலகும், அதுதான் ரிலீஸ்.)

ஹைட்ராலிக் கிளட்சில் மாயம் எதுவும் இல்லை. அப்பர் எவ்வளவு ஆயிலைத் தள்ளுகிறதோ அவ்வளவுதான் லோயருக்குப் போய்ச் சேரும். அப்பர் துளை சின்னது, லோயர் துளை பெரியது என்றால் லோயர் ராடு குறைவான தூரம்தான் நகரும், ஆனால் பலமாகத் தள்ளும். உங்கள் அப்பர் 5/8 இன்ச், அதாவது 15.87 மி.மீ. விட்டம், பரப்பு சுமார் 198 சதுர மி.மீ. லோயர் உடம்பில் 13/16 என்று போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள், அது 20.64 மி.மீ., பரப்பு சுமார் 335. 198-ஐ 335-ஆல் வகுத்தால் 0.59. அப்பர் ராடு 1 மி.மீ. உள்ளே போனால் லோயர் ராடு 0.59 மி.மீ.தான் வெளியே வரும்.

உங்கள் பெடல் மேலிருந்து கீழே 150 மி.மீ. போகிறது, லேத்காரர் ஆறுக்கு ஒன்று ரேஷியோவில் துளை போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் அப்பர் ராடு உள்ளே போவது 25 மி.மீ. அதை 0.59-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 14.8 மி.மீ. எதுவுமே வீணாகாமல் இருந்தால் லோயர் ராடு நகர வேண்டியது இவ்வளவு. நீங்கள் அளந்தது 10. ஆக நடுவில் 4.8 மி.மீ. காணாமல் போகிறது. அப்பர் பக்கத்தில் சொன்னால் 8 மி.மீ. இது முதல் கோளாறு.

இரண்டாவதைக் கேளுங்கள். ஃபோர்க் ரேஷியோ பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். லோயர் ராடு 14.8 நகர்ந்தாலே ரிலீஸ் பேரிங் 7.4 மி.மீ.தான் நகரும். இந்த அளவு பிரஷர் பிளேட்டுக்குப் பேரிங் சுமார் 8 முதல் 10 மி.மீ. போனால்தான் பிளேட் சுத்தமாக விலகும். அதாவது ஏர் ஒரு குமிழ்கூட இல்லாமல், ஒரு சொட்டும் ஒழுகாமல், எல்லாமே நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் உங்கள் கிளட்ச் அரைகுறையாகத்தான் ரிலீஸ் ஆகியிருக்கும். இப்போது பேரிங் நகர்வது வெறும் 5 மி.மீ. முதல் கியர் எப்படி விழும்?

ஆகவே உங்களிடம் ஒன்றல்ல, இரண்டு கோளாறு. ஒன்றைச் சரி செய்து பார்த்து, சரியாகவில்லை என்றதும் பழையபடி மாட்டி, அடுத்ததைக் கை வைக்கிறோம், அதுவும் தனியாகச் சரியாவதில்லை. மாதக் கணக்கில் இழுப்பது இதனால்தான்.

பம்ப் பண்ணினால் விழுகிறது என்பது நல்ல தகவல். வேகமாகப் பம்ப் பண்ணும்போது லோயரிலிருந்து ஆயில் முழுக்கத் திரும்பி வருவதற்குள் அப்பர் தன் ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் கூடுதலாக இழுத்துத் தள்ளுகிறது, அதனால் ராடு வழக்கத்தைவிடக் கூடுதலாக நகர்கிறது. கூடுதலாக நகர்ந்தால் ரிலீஸ் ஆகிறது என்றால் உள்ளே பெரிய சிக்கல் இல்லை, ஆயில் அளவு போதவில்லை என்றுதான் அர்த்தம். கியர் பாக்ஸை இறக்கச் சொல்லி யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

ஆனாலும் பிரஷர் பிளேட்டுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள், ஒரு மணி நேர வேலைதான். லோயரைக் கழற்றித் தொங்கவிடுங்கள், ஓஸைப் பிரிக்க வேண்டாம், பெடலை யாரும் மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். லோயர் உட்காரும் இடத்தில் ஒரு பட்டைத் தகடை போல்ட் போட்டு, அதில் நட் வெல்டு வைத்து, நீளமான போல்ட் ஒன்றைத் திருகி ஃபோர்க்கைத் தள்ளுங்கள். பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்திய நிலையில் டாப் கியர் போட்டு, ஒருவர் கையால் புரொபெல்லர் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். பேரிங் பிரஷர் பிளேட் விரல்களைத் தொட்ட இடத்தில் ஒரு குறி, ஷாஃப்ட் லேசாகச் சுற்றத் தொடங்கும் இடத்தில் ஒரு குறி. நடுவில் இருப்பதுதான் தேவையான அளவு. அதோடு 2, 3 மி.மீ. கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 16-லிருந்து 19-க்குள் வரும் என்பது என் கணிப்பு. 20-ஐத் தாண்டியும் ஷாஃப்ட் விடவில்லை என்றால் அது வேறு கதை, அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது காணாமல் போகும் 8 மி.மீ.

முதலில் அப்பர் ராடில் வெள்ளை பெயின்ட் வைத்து, பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, ராடு உண்மையிலேயே 25 மி.மீ. உள்ளே போகிறதா என்று பாருங்கள். தரை மேட்டில் பெடல் முட்டி நிற்பது, பெடலையும் ராடையும் இணைக்கும் கிளெவிஸ் பின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பது, பெடல் புஷ் ஆடுவது, இப்படி 3, 4 மி.மீ. அங்கேயே போய்விடும். லேத்தில் செய்த பெடலில் பின்னுக்கு 8 மி.மீ. துளை போட்டுவிட்டு 7 மி.மீ. போல்ட் போட்டிருப்பார்கள், கேட்டால் கொஞ்சம் ஃப்ரீயாக இருக்கட்டும் அண்ணே என்பார்கள்.

அடுத்தது ஃபயர்வால், எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு. பழைய ஜீப்பில் அந்தத் தகடு ஹைட்ராலிக் பெடலுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. காலால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் ஆறு மடங்காகி அந்த மெல்லிய தகட்டில்தான் போய் விழுகிறது. ஒருவர் பெடலை மிதிக்கும்போது பானட்டைத் திறந்து அப்பரின் உடம்பைப் பாருங்கள். அது முன்னால் தலையாட்டினால் ஒவ்வொரு மி.மீ.யும் நஷ்டம். குளச்சல், முட்டம் பக்கம் ஓடிய வண்டியாக இருந்தால் உப்புக் காற்று ஃபயர்வாலின் கீழ் மூலையை அரித்துத் தின்றிருக்கும், மேலே பெயின்ட் அழகாக இருக்கும், பெயின்டுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. 4 அல்லது 5 மி.மீ. தகடு ஒன்றை உள்பக்கம் அகலமாக வைத்து, பெடல் பிராக்கெட்டையும் அப்பரையும் அதே தகட்டோடு சேர்த்துப் பிடியுங்கள், முடிந்தால் பிராக்கெட்டிலிருந்து டேஷ்போர்டு குழாய்க்கு ஒரு தாங்கு கம்பி கொடுங்கள். இது ஒன்றிலேயே 3 மி.மீ. திரும்பக் கிடைப்பது சாதாரணம். நான் பார்த்த வரையில் மாற்றிக் கட்டிய ஜீப்புகளில் ஏருக்கு அடுத்தபடி அதிக நஷ்டம் இங்கேதான். ஆனால் யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் மிதிப்பவர் உள்ளே இருக்கிறார், ஆடுவது வெளியே இருக்கிறது.

மூன்றாவது ஓஸ். பழைய ரப்பர் ஓஸ் அழுத்தம் ஏறும்போது உப்பும், உப்பிய அளவு ஆயில் அங்கேயே நின்றுவிடும். ஓஸைக் கையால் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னால் விரலுக்குத் தெரியும். நீளத்தில் பெரும்பகுதி இரும்புக் குழாயாகவும், கியர் பாக்ஸ் ஆடும் இடத்தில் மட்டும் ஒரு அடி ஓஸாகவும் இருக்கட்டும். சில பட்டறைகளில் வளைக்க எளிது என்று செம்புக் குழாய் போடுவார்கள். வேண்டாம். டீசல் எஞ்சின் அதிர்வில் செம்பு நாளாக ஆக இறுகி, ஃபிளேர் (குழாயின் விரித்த முனை) கழுத்தில் வெடிக்கும், அதுவும் பேச்சிப்பாறை ஏற்றத்தில்தான் வெடிக்கும். பிரேக்குக்குப் போடும் இரும்புக் குழாயே போடுங்கள், இரட்டை ஃபிளேர் அடித்து.

இங்கே ஒரு எச்சரிக்கை, மாற்று வேலைகளில் திரும்பத் திரும்ப வரும் சங்கதி. ஜப்பான் வண்டிப் பாகங்களில் குழாய் நட் பெரும்பாலும் எம்10, 1 மி.மீ. பிட்ச் (திரெட் இடைவெளி). பழைய வகை அப்பர்களில் 3/8 இன்ச், 24 திரெட் வரும். 3/8 என்பது 9.5 மி.மீ., பிட்ச் 1.06. பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். 3/8 நட்டை எம்10 துளையில் விட்டால் திருகிக்கொண்டே உள்ளே போகும், இறுக்கினால் பிடிப்பது போலவும் இருக்கும். நாலு நாள் கழித்து கசியும், அல்லது கசியாமலே காற்றை உள்ளே இழுக்கும். எவ்வளவு ஏர் எடுத்தாலும் அடுத்த நாள் காலையில் பெடல் மெத்தென்று இருக்கிறது என்றால் முதலில் இந்த நட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஃபிளேரும் அப்படித்தான், உள்நோக்கி மடித்த இரட்டை ஃபிளேர் உட்காரும் இடத்தில் குமிழ் ஃபிளேர் உட்காராது. நட்டைக் கையோடு கொண்டுபோய்த் திரெட் கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள். நாகர்கோவிலில் ஹைட்ராலிக் ஓஸ் பிரஸ் பண்ணும் கடைகளில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

இதெல்லாம் முடித்த பிறகுதான் ஏர்.

லோயரில் காற்றை வெளியே விடும் பிளீடர் நிப்பிள் மேலே இருக்க வேண்டும், ஓஸ் நுழையும் துளை கீழே. அடாப்டர் வைத்து மாட்டும்போது இடம் பற்றவில்லை என்று லோயரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருப்பார்கள், அல்லது இடது வலது மாறியிருக்கும். நிப்பிள் கீழே போய்விட்டால் நீங்கள் பத்து லிட்டர் பிரேக் ஆயில் ஊற்றினாலும் மேலே நிற்கும் காற்று வராது, காற்றுக்குக் கீழே இறங்கிவரத் தெரியாது. திருப்பி மாட்ட வழியில்லை என்றால் ஏர் எடுக்கும்போது மட்டும் லோயரைக் கழற்றி, நிப்பிள் வானத்தைப் பார்க்கும்படி கையில் பிடித்து, பிஸ்டனை முழுக்க உள்ளே அமுக்கி ஒரு சி கிளாம்ப் போட்டு வைத்துக்கொண்டு எடுங்கள். பிஸ்டன் உள்ளே இருந்தால் காற்று ஒளிய இடம் குறைவு.

குழாய் போகும் வழியையும் பாருங்கள். ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும் என்று குழாயை மேலே வளைத்து மறுபடி கீழே இறக்கியிருந்தால் அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொள்ளும். அப்பரிலிருந்து லோயர் வரை ஒரே இறக்கமாக இருப்பது நல்லது. அப்பர் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள், மாட்டுவதற்கு முன் வைஸில் வைத்து ஆயில் ஊற்றி உள்ளே இருக்கும் காற்றை எடுத்தீர்களா? இல்லையென்றால் அப்பரின் முன் முனையில் காற்று நிற்கும். ஜீப் ஃபயர்வால் சாய்வாக இருப்பதால் பல வண்டிகளில் அப்பரின் மூக்கு மேலே தூக்கி நிற்கும், அங்கே நிற்கும் காற்று பெடல் மிதித்து வரவே வராது. குலசேகரத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் குறைவில்லை, வண்டியை இறக்கத்தில் மூக்கு கீழே பார்க்க நிறுத்திவிட்டு எடுங்கள், கட்டை வைக்க மறக்க வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது கீழிருந்து மேலே தள்ளும் முறை. மெடிக்கல் ஷாப்பில் 50 அல்லது 60 மி.லி. சிரிஞ்சும், நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் குழாயும் வாங்குங்கள். அப்பர் டப்பாவில் பாதி ஆயிலை எடுத்துவிட்டு, சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, குழாயிலும் காற்று இல்லாமல் பார்த்து, நிப்பிளில் மாட்டி, நிப்பிளை முக்கால் சுற்றுத் திறந்து மெதுவாகத் தள்ளுங்கள். டப்பாவில் குமிழ் வருவது நின்றதும் நிப்பிளை மூடுங்கள். காற்றுக்கு மேலே போவதுதான் இயல்பு, அது போகும் திசையிலேயே நீங்களும் தள்ளுகிறீர்கள், அதனால் வேலை சீக்கிரம் முடியும். டப்பா நிரம்பி வழிந்தால் பெயின்ட் போய்விடும், துணி சுற்றி வையுங்கள்.

ஆயில் டாட் 3 அல்லது டாட் 4. இரண்டில் எது என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் அவசரத்துக்கு பவர் ஸ்டியரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஊற்றினால் கப் ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்து, அப்பர், லோயர், ஓஸ் மூன்றையும் குப்பையில் போட வேண்டிவரும், கழுவி எடுத்தாலும் பிழைக்காது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். இரண்டு மழைக்காலமும் பெய்யும் மாவட்டம் நம்முடையது, திறந்து வைத்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுங்கள்.

ஏர் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓஸை ரப்பர் வைத்த கிளாம்பால் மெல்ல நெருக்கிவிட்டு பெடலை மிதியுங்கள். பெடல் கல்லாக நின்றால் அப்பரும் மேலே உள்ள குழாயும் சுத்தம், மிச்சக் காற்று லோயர் பக்கம். நெருக்கிய பிறகும் மெத்தென்று இறங்கினால் காற்று மேலேயே இருக்கிறது. கொஞ்ச நேரம் மிதித்தபடி வைத்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், அப்பரின் உள் கப் ஆயிலை விடுகிறது, புதிதாக வாங்கியதாக இருந்தாலும்.

இவ்வளவும் செய்தால் லோயர் ராடு 14 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகும் வண்டி மனமில்லாமல்தான் கியர் எடுக்கும், காரணம் முன்னே சொன்ன இரண்டாவது கணக்கு. அப்பர் துளையைப் பெரிதாக்க வேண்டும். 3/4 இன்ச் போட்டால் பரப்பு 285, ரேஷியோ 0.85, 25 மி.மீ.க்கு லோயர் 21 மி.மீ. நகரும், பேரிங் பத்தரை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெடல் 44 சதவீதம் கனமாகிவிடும். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே மாலை நேரத்தில் ஒருதடவை மாட்டிக்கொண்டால் இடது முழங்கால் உங்களைத் திட்டும். 11/16 இன்ச் கிடைத்தால் அதுதான் இந்த ஜீப்புக்குச் சரி என்பேன். பரப்பு 240, ரேஷியோ 0.72, லோயர் 18 மி.மீ., பேரிங் 9, கனம் 21 சதவீதம்தான் கூடும். 11/16 கிடைக்கவில்லை என்றால் இருக்கும் அப்பரையே வைத்துக்கொண்டு லோயரை 3/4 ஆக்கினாலும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வருவீர்கள், 17.4 மி.மீ., கனமும் ஏறக்குறைய அவ்வளவே. போல்ட் துளை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். போல்ட் வைத்துத் தள்ளி அளக்கச் சொன்னேனே, அந்த அளவு கையில் இருந்தால் எதை வாங்குவது என்று கடையிலேயே முடிவு பண்ணிவிடலாம்.

கடையில் அப்பர் கேட்கும்போது டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை எடுத்துக் கொடுத்தால் யோசியுங்கள். சிலவற்றில் வெளிவாயில் ஒரு வால்வு இருக்கும், குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்கவைப்பதற்காக. பிரேக்குக்கு அது நல்லது. கிளட்சில் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் விரல்களை உரசிக்கொண்டே இருக்கும், பேரிங்கும் போகும், பிளேட்டும் வழுக்கும்.

பெடல் முழுக்க மேலே வந்து நிற்கும்போது அப்பர் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மி.மீ. இடைவெளி கட்டாயம் வேண்டும். பெடல் நுனியில் அது 6 மி.மீ. போல இருக்கும். தூரம் பற்றவில்லை என்று அந்த ராடை நீளமாக்கி இடைவெளியைத் தின்றுவிடுவது எல்லோருக்கும் வரும் ஆசை. அப்படிச் செய்தால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை திறக்காது, எஞ்சின் சூட்டில் ஆயில் விரிந்து போக வழியில்லாமல் தானே கிளட்சை அமுக்கத் தொடங்கும். காலையில் நன்றாக இருக்கும் வண்டி மத்தியானம் ஏற்றத்தில் வழுக்கினால் இதுதான் காரணம்.

லோயர் ராடு நீளமும் இப்படியே. பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் விரல்கள் கியர் பாக்ஸ் பக்கம் நகர்ந்து வரும், ஃபோர்க் லோயர் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். புதுப் பிளேட்டோடு மாட்டும்போதே பிஸ்டன் அடியில் முட்டி நின்றால் பின்னால் போக இடமிருக்காது. பிஸ்டனுக்குப் பின்னால் 10 மி.மீ.யாவது இடம் விட்டு ராடு வெட்டுங்கள். ஃபிளைவீலை லேத்தில் கடைந்திருந்தால் அதற்கு நேர்மாறு, விரல்கள் எஞ்சின் பக்கம் தள்ளிப்போகும், ஃபோர்க் முனையில் அது இரண்டு மடங்காகத் தெரியும். ஃபோர்க் உட்காரும் பால் பின்னுக்கு அடியில் அதே கனத்துக்கு வாஷர் வைத்தால் சரியாகும். ஓய்வில் ஃபோர்க் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து, பாதி மிதிக்கும்போது நேராகி, முழு மிதியில் மறுபக்கம் அதே அளவு சாய வேண்டும். பெல் ஹவுசிங் ஜன்னலில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஓய்விலேயே ஒரு மூலையில் போய் முட்டிக்கொண்டிருந்தால் வாஷர் கணக்கு தப்பு.

போல்ட் வைத்துத் தள்ளியும் ஷாஃப்ட் விடவே இல்லை என்றால், அப்போது கியர் பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும். ஜீப் கிரேங்கில் குவாலிஸ் ஷாஃப்ட் மூக்குக்காகப் புதிதாகக் கடைந்து போட்ட பைலட் புஷ் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டால் கிளட்ச் முழுக்க விட்டாலும் கியர் பாக்ஸ் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அடுத்து பிளேட். ஜீப் பிளேட்டில் குவாலிஸ் ஹப்பை வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள், ஹப் ஸ்பிரிங் பக்கம் திரும்பி மாட்டியிருந்தால் ஃபிளைவீல் போல்ட் தலையில் உரசும். ஷாஃப்டின் பல் வரிகளில் (ஸ்பிளைனில்) பிளேட் கையாலேயே தாராளமாக நழுவ வேண்டும். அப்புறம் அடாப்டர் பிளேட். டயல் கேஜை ஃபிளைவீலில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் பெல் ஹவுசிங் நடுத்துளையில் முள் மொத்தம் 0.13 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பிப் பிடித்த அடாப்டரில் இந்த அளவு வராது, வந்தாலும் நிற்காது. விரல்கள் தட்டையாக இருந்தால் பேரிங் முகம் வளைந்திருக்க வேண்டும், விரல் நுனி வளைந்திருந்தால் பேரிங் தட்டை. உங்களிடம் பிரஷர் பிளேட் ஜீப், பேரிங் குவாலிஸ், ஆகவே இதைக் கட்டாயம் பாருங்கள்.

எல்லாம் சரியாகி லோயர் 18 மி.மீ. நகரத் தொடங்கியதும் பெடலுக்கு அடியில் ஒரு ஸ்டாப்பர் போல்ட் வையுங்கள். டயாஃப்ரம் பிரஷர் பிளேட்டில் தேவைக்கு மேல் அமுக்கினால் விரல்கள் போய் பிளேட்டில் முட்டும், சில நேரம் அமுங்கியபடியே நின்றுவிடும். கியர் சுத்தமாக விழும் இடத்துக்கு அப்புறம் பெடல் ஓர் அங்குலம் போனால் போதும், அங்கே நிறுத்துங்கள்.

கடைசியாக, லோயரை வெளியே வைக்காமல் ஷாஃப்டைச் சுற்றி உள்ளேயே உட்காரும் வட்ட சிலிண்டர் போட்டுவிடலாமா, ஃபோர்க் தொல்லையே இருக்காதே என்று கேட்டிருந்தீர்கள். தோட்டத்து ஜீப்புக்கு வேண்டாம். அது கசிந்தால் கியர் பாக்ஸை இறக்காமல் கை வைக்க முடியாது, கசியும் ஆயில் நேராகப் பிளேட்டில் விழும். வெளியே இருக்கும் லோயர் சேற்றில் கெட்டுப்போனால் இரண்டு போல்ட், ஒரு ஓஸ், அரை மணி நேரம். ரப்பர் பூட் கிழியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் செம்மண் சேறு உள்ளே போனால் பிஸ்டனைக் கீறிவிடும். போல்ட் வைத்துத் தள்ளி அளந்த அளவை எழுதுங்கள், அப்பர் எது வாங்குவது என்று அப்புறம் முடிவு பண்ணலாம்.